மூன்றடி கேட்கிறார் தோழர்!

மாநாட்டுக்குச் சென்ற ஊர். இரவு மணி பதினொன்று. நம்முடன் வந்த தோழர், ஆலை விபத்தில் கால்களை இழந்தவர். சக்கர நாற்காலியே அவருக்குக் கால். லாட்ஜ் வாசலில் நான்கு படிகள். "தூக்கிவிடுகிறோம் சார்!" என்று ஓடிவந்தனர் பணியாட்கள். நல்ல உள்ளங்கள், நன்றி கூறினோம்.

அறையில் கட்டில் உண்டு, காற்றாடி உண்டு, நிலைக்கண்ணாடி உண்டு. குளியலறைக் கதவு? இரண்டடி அகலம்! நாற்காலியோ அதைவிட அகலம். முட்டி நின்றது. தோழர் ஒன்றும் பேசவில்லை. விடியும்வரை ஒரு வாய்த் தண்ணீர்கூடப் பருகவில்லை. ஏன்? எண்ணிப் பாருங்கள்!

முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்படலாமா என்று பழமொழி பேசும் நாடு இது. தோழர் கேட்டது கொம்புத் தேனையா? கழிப்பறைக் கதவை! கால் போனது விபத்தால். கதவு குறுகியது கட்டியவர் கருத்தால்!

"நாங்கள்தான் தூக்கிவிடுகிறோமே" என்பார்கள். தூக்கிவிடுவது இரக்கம். தானே செல்ல வழிவிடுவது உரிமை. இரக்கம் ஆளுக்கு ஆள் மாறும். அங்குலக் கணக்கு மாறாது.

அந்தக் கணக்கு என்ன? வாசலில், ஓரங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்று சாய்தளம். இரண்டடி உயரப் படிக்கட்டுக்கு இருபத்து நான்கடி. கதவைத் திறந்தால் 90 சென்டிமீட்டர், ஏறத்தாழ மூன்றடி, தடையற்ற வழி. நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம். கட்டிலின் பக்கத்தில் மூன்றடி இடம். கழிப்பறை இருக்கை 17 முதல் 19 அங்குல உயரம். அருகே சுவரில் உறுதியான கைப்பிடி. குளிக்குமிடத்தில் தடுப்புத் திண்டு கூடாது. அமர்ந்து குளிக்க இருக்கை வேண்டும். விளக்கு ஸ்விட்ச், உட்கார்ந்தபடி எட்டும் உயரத்தில்.

நாற்காலியோடு முடிந்ததா? பார்வையற்றவர் விரலால் தடவி அறிய, அறை எண் புடைப்பெழுத்திலும் பிரெயிலிலும் வேண்டும். செவி கேளாதவருக்கு, தீ அபாய மணியோடு மின்னும் விளக்கும் வேண்டும். மணி மட்டும் அடித்தால், ஊர் தப்பும்; அவர் உறங்குவார்!

செலவாகுமே என்று முனகுவார் முதலாளி. வரைபடத்திலேயே மூன்றடி என்று குறித்தால் பெருஞ்செலவு ஏது? கட்டியபின் இடிப்பதுதான் செலவு!

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. பொதுமக்கள் புழங்கும் கட்டடம் அரசுடையதாயினும் தனியாருடையதாயினும், அணுகத்தக்கதாய் இருக்கவேண்டும் என்றது. 2017-ல் விதிகள் வந்தன. ஆனால் அணுகல் பற்றிய விதி கட்டளையாக இல்லை, வெறும் பரிந்துரையாக நிற்கிறது; அது சட்டத்துக்கே முரண் என்று 2024 நவம்பர் 8-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கவும் ஆணையிட்டது.

2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கும் மேல். அவர்கள் பயணம் போவதில்லையா? திருமணத்துக்கு, மருத்துவத்துக்கு, மாநாட்டுக்கு?

மூன்றடி கேட்டு, மாவலியின் தலைமீதே கால் வைத்தான் வாமனன் என்பது புராணம். நம் தோழரும் மூன்றடிதான் கேட்கிறார். யார் தலைமீதும் ஏற அல்ல. தன்மானத்தோடு ஒரு கதவைக் கடக்க!

அடுத்த மாநாட்டுக்கு அறை பிடிக்கச் செல்லும் தோழர்களே, வாடகையைக் கேட்குமுன் அளவுநாடாவை எடுங்கள். முதலில் குளியலறைக் கதவை அளந்து பாருங்கள்!