புதுக் கம்ப்யூட்டரில் பழைய புரோகிராம் மக்கர் செய்கிறதா?

ஓசூர் சிப்காட் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், விண்டோஸ் 11 உள்ள புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். பழைய 32-பிட் விண்டோஸ் 7 மெஷினில் ஓடிய பில் போடும் புரோகிராமை இதில் காப்பி செய்து திறந்தால், 'ஜெட் புரொவைடர் ரிஜிஸ்டர் ஆகவில்லை' என்று பிழைச்செய்தி. கடைக்காரர் விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்து பணம் வாங்கிக் கொண்டார். மீண்டும் அதே செய்தி. மாதக் கடைசியில் ஜிஎஸ்டி பில் எல்லாம் நின்ற பிறகு என்னிடம் வந்தார்.

கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை. இது டாட்நெட் புரோகிராம். அதை விஷுவல் ஸ்டுடியோவில் தயாரிக்கும்போது எக்ஸ்86, எக்ஸ்64, எனி சிபியு என்று இலக்கு குறிக்க வேண்டும். எனி சிபியு என்றால் பொதுவாக 32-பிட் விண்டோஸில் 32 ஆகவும், 64-பிட்டில் 64 ஆகவும் ஓடும். கேட்க வசதியாகத்தான் இருக்கிறது! ஆனால் ஆக்ஸஸ் எம்டிபி ஃபைலைப் படிக்கும் ஜெட் டிரைவர் 32-பிட்டில் மட்டுமே உண்டு. விண்டோஸ் 11-லோ 32-பிட் பதிப்பே கிடையாது.

நம்மூர்க் கணக்கில், ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி போனதும் லாரி டிரைவர் கன்னடத்துக்கு மாறிவிடுகிறார்; கூட வந்த கிளீனருக்கோ தமிழ் மட்டுமே தெரியும். ஒரே புரோகிராமுக்குள் 32-ம் 64-ம் பேசிக்கொள்ளாது.

எழுதிய தம்பிக்கு போன் போட்டேன். "என் லேப்டாப்பும் 64-பிட்தான் அண்ணா, அதில் ஓடுகிறதே" என்றார். ஓடும்தான். சோதித்துப் பார்க்கும் 'டீபக்' அமைப்பில் எக்ஸ்86 என்று மாற்றியிருந்தார். வெளியே கொடுக்கும் 'ரிலீஸ்' அமைப்பில் எனி சிபியு அப்படியே இருந்தது. ஒன்றில் மாற்றினால் மற்றதில் மாறாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி செட்டிங். பலர் சறுக்கும் இடம் இது. ரிலீஸிலும் எக்ஸ்86 வைத்து பில்ட் செய்து அனுப்பினார், பில் வந்துவிட்டது. கூட இருந்த டிஎல்எல் ஃபைலைத் தொடவில்லை. எனி சிபியு டிஎல்எல், தன்னை அழைக்கும் எக்ஸ்இ எப்படி ஓடுகிறதோ அப்படியே ஓடும்.

உங்கள் கம்ப்யூட்டரில் இப்படி வந்தால், பிழைச்செய்தி திரையில் இருக்கும்போதே கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். 'டீடெயில்ஸ்' பகுதியில் மேலுள்ள தலைப்பில் ரைட் கிளிக் செய்து, 'செலக்ட் காலம்ஸ்' போய் 'பிளாட்ஃபார்ம்' என்பதை டிக் செய்யுங்கள். புரோகிராமின் பெயருக்கு நேரே 64-பிட் என்று இருந்தால், விண்டோஸை அழித்துப் போட யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். எழுதியவரிடம் "ரிலீஸில் எக்ஸ்86 வைத்துக் கொடுங்கள்" என்று கேளுங்கள்.