பழைய டிராக்டர்: இரும்புக் கடைக்கா, பட்டறைக்கா?



ஸ்டோருக்குப் பின்னால் லாலான் மூடிக் கிடக்கும் பழைய சிவப்பு டிராக்டரைக் காணாத தோட்டப்புறத்து மக்கள் நம்மில் மிகக் குறைவு. ஒரு காலத்தில் பால் டாங்கியும் உரமூட்டையும் செம்பனைக் குலையும் சுமந்த வண்டி அது. ஆயுத பூசையன்று சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போட்டவர்கள் நாம்தான். இன்று சொந்தமாய் நாலு ஏக்கர் செம்பனை வைத்திருக்கும் நம்மவர் சிலர், அப்படிப்பட்ட வண்டியை மலிவாய் வாங்கி ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். “போட்ட காசு முங்கிப் போயிடுமோ அண்ணே?” என்பதுதான் அவர்கள் கவலை. நியாயமான கவலைதான். அதைப் பற்றியே இவ்வாரம் பேசுவோம்.

எடுத்துக்காட்டுக்கு மெஸ்ஸி பெர்குசன் 135 வண்டியை வைத்துக் கொள்வோம். 1964ஆம் ஆண்டுக் கடைசியில் அறிமுகமாகி, இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 1975 வரை செய்யப்பட்டது. டீசல் வண்டியில் இருப்பது மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் இஞ்சின். இரண்டரை லிட்டர் அளவு. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. கையும் ஸ்பானரும் பொறுமையும் இருந்தால் பிரித்துப் பூட்டலாம். உதிரிப் பாகமும் இன்னும் கிடைக்கிறது. பல நாடுகள் இந்த வகை வண்டியைத் தம் மண்ணிலேயே செய்ததுதான் காரணம். நம் சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே நிறுவனமும் மெஸ்ஸி பெர்குசன் வண்டிகளைச் செய்து வந்ததே.

ஆனால் பாகம் கிடைக்கிறது என்பதற்காகக் கிடைத்ததையெல்லாம் மாற்றக் கூடாது. முதலில் நோய் என்ன என்று பார்க்க வேண்டும், மருந்து பிறகு.

புகை பேசும். கறுப்புப் புகை வந்தால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம். முதலில் ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள். பழைய வண்டியில் எண்ணெய் ஊற்றும் கிளீனர்தான் இருக்கும். அடியில் செம்மண் சேறாய்க் கட்டியிருக்கும். கழுவிப் புது எண்ணெய் ஊற்றினாலே பாதிப் புகை போய்விடுவதுண்டு. நீலப் புகை என்றால் இஞ்சின் எண்ணெய் எரிகிறது; ரிங்கோ, லைனரோ, வால்வு கைடோ தேய்ந்திருக்கும். வெள்ளைப் புகை, சரியாக எரியாத டீசலாகவோ உள்ளே இறங்கும் தண்ணீராகவோ இருக்கலாம்.

இன்னொன்று. குளிர் நாட்டில் பழைய டீசல் வண்டி காலையில் அடம் பிடிப்பது சகஜம். நம் ஊர் வெயிலில் அப்படி அடம் பிடித்தால், பேட்டரியும் செல்ஃபும் நன்றாக இருந்தும் கிளம்பாவிட்டால், டீசல் லைனில் காற்று இருக்கிறது அல்லது கம்ப்ரஷன் குறைந்து விட்டது என்று பொருள். ஈதர் ஸ்பிரே அடித்துக் கிளப்பிக் காட்டுகிறவரிடம் வண்டி வாங்காதீர்கள். அந்த ஸ்பிரே நோயை மறைக்கும்.

லைனில் காற்று இருந்தால் எடுப்பது எளிது. டாங்கியில் டீசல் இருக்கிறதா என்று பாருங்கள். பில்டரின் மேல் திருகைத் தளர்த்தி, லிப்ட் பம்பின் கைப்பிடியை அடியுங்கள். நுரை நின்று டீசல் மட்டும் வரும்போது இறுக்குங்கள். அடுத்து இன்ஜெக்ஷன் பம்பிலுள்ள காற்றுத் திருகுகள். கடைசியில் இன்ஜெக்டர் பைப் நட்டுகளைத் தளர்த்தி இஞ்சினைச் சுற்ற விடுங்கள். வரிசை மாறினால் காற்று மறுபடி உள்ளே நிற்கும். இன்ஜெக்டர் பீய்ச்சும் டீசலுக்கு நேரே கையை நீட்டாதீர்கள். அதன் வேகத்தில் தோலுக்குள் ஏறிவிடும். சின்னக் காயம் என்று விட்டால் விரலே போகும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் புரிகிறது. கூடியிருந்தால்? சந்தோஷப்படாதீர்கள்! முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தால், பெரும்பாலும் லிப்ட் பம்பின் டயாப்ரம் கிழிந்து டீசல் இஞ்சினுக்குள் இறங்குகிறது. பம்பு சின்னச் செலவு. நீர்த்த எண்ணெயில் ஓட்டித் தேய்க்கும் பேரிங்கும் கிராங்கும் பெரிய செலவு. எண்ணெய் பால்காப்பி போல் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கியர் பெட்டியிலும் அப்படியே இருந்தால், கியர்க் கம்பியின் ரப்பர் உறை கிழிந்து மழைநீர் இறங்கியிருக்கும். கூரையில்லாமல் நிறுத்திய வண்டிக்கு இது தப்பாமல் வரும் சீக்கு.

ஹெட்டைக் கழற்றினால், பூட்டும்போது டார்க் ஸ்பானர் கட்டாயம். கையளவில் இறுக்கினால் கேஸ்கெட் ஊதிவிடும். வால்வு இடைவெளி, இஞ்சின் குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம். பீலர் கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும்; “கண்ணாலே பார்த்தாலே தெரியும் தம்பி” என்கிற பேச்சு இங்கே வேண்டாம்.

இஞ்சின் ஓடினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அங்கேதான் ஆபத்து. நின்று கிடக்கும் டிராக்டர் யாரையும் கொல்வதில்லை. பிரேக் பிடிக்காமல் ஓடுகிற டிராக்டர்தான் கொல்லும். ஆகவே காசு குறைவாக இருந்தால் பெயிண்டை விட்டுவிட்டு பிரேக், ஸ்டியரிங், முன் அச்சு ஆகிய மூன்றுக்கும் முதலில் செலவு செய்யுங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள். ஆடுகிற பால் ஜாயின்டை மாற்றுங்கள். இடது, வலது பிரேக் மிதிகளைச் சேர்த்துப் பூட்டும் கொக்கி இருக்கிறதா? சாலையில் அது பூட்டியே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி சுழன்றுவிடும்.

நியூட்ரலில் இல்லாவிட்டால் கிளம்பாதபடி இந்த வண்டியில் பாதுகாப்பு சுவிட்ச் உண்டு. அது கெட்டுப் போனதும், கீழே நின்றபடி ஸ்குரூடிரைவரால் செல்ஃபைத் தொட்டுக் கிளப்புகிற பழக்கம் நம்மவரிடம் இருக்கிறது. கியரில் இருக்கும் வண்டி அப்படியே பாயும். நிற்பவர் பின் சக்கரத்துக்கு நேர் முன்னால் நிற்கிறார்! சின்ன சுவிட்சுக்குக் கணக்குப் பார்த்துக் குடும்பத் தலைவனைப் பறிகொடுக்கலாமா?

பின்னால் சுற்றும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று. ஒரு நொடிக்கு ஒன்பது. சாரம் நுனி சிக்கினால் கத்துவதற்குக்கூட நேரமிருக்காது. அதன் மூடியைக் கழற்றி எறியாதீர்கள். புதைந்த லோரியை இழுக்க டிராபாரில்தான் சங்கிலி போட வேண்டும். அதற்கு மேலே கட்டினால் வண்டி முன்பக்கம் தூக்கிப் பின்னால் கவிழும். கவிழ்ந்தாலும் ஓட்டுநரைக் காக்கும் அமைப்பை ஸ்வீடன் நாடு 1959இலேயே புது டிராக்டர்களுக்குக் கட்டாயமாக்கியது. நம் மேட்டுத் தோட்டங்களில் ஓடிய பழைய வண்டிகள் பலவற்றில் அந்தச் சட்டமே கிடையாது. இருக்கும் குழாயை வளைத்து நாமே வெல்டிங் அடித்தால் அது நிழலுக்குத்தான் உதவும். சோதித்துச் செய்த சட்டத்தையே வாங்கிப் பூட்ட வேண்டும்.

சரி, முடிவு என்ன? இஞ்சின் பிளாக் வெடிக்காமல், கியர் பெட்டியும் பின் அச்சும் உடையாமல் இருந்தால் பட்டறைக்குக் கொண்டு போகலாம். அவை உடைந்திருந்தால், மலிவாய்க் கிடைத்தாலும் இரும்புக் கடைக்கே விடுங்கள்.

கடைசியாக ஒரு சொல். செய்கிற ஒவ்வொரு வேலையையும் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். படமும் எடுத்து வையுங்கள். வண்டிக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் அது உதவும். முப்பது வருடம் தோட்டப் பட்டறையில் ஸ்பானர் பிடித்தவர், தோட்டம் விற்கப்பட்டதும் “சர்ட்டிபிகேட் இருக்கா?” என்ற ஒரே கேள்வியில் கூலியாளாகிப் போனதை நாம் பார்த்தோம். இன்று, வகுப்புக்குப் போகாமலே, செய்த வேலைக்கான சான்றுகளைக் காட்டித் தேர்வாளரின் மதிப்பீட்டில் மலேசியத் திறன் சான்றிதழ் பெறும் வழி இருக்கிறது. பி.பி.டி. என்பார்கள், மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறையிடம் கேட்கலாம். அங்கே சான்றாய் நிற்கப் போவது இந்த நோட்டும் படமும்தான்.

கைத்தொழில் தெரிந்த அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று பிள்ளைகள் எழுதித் தரட்டும். பழைய வண்டியோடு, பழைய கைக்கும் ஒரு மதிப்பு வரட்டும்!