ஊளைச் சதையும் உள்ளே ஒலிக்கும் குரலும்

உடல் பருத்தால் ‘சதை போட்டுவிட்டது’ என்கிறோம். சற்று வெறுப்புடன் சொல்வதானால் ‘ஊளைச் சதை’ என்கிறோம். இந்த வழக்கில் ஒரு குழப்பம் ஒளிந்திருக்கிறது. சதை என்பது தசை. சுருங்கியும் தளர்ந்தும் நம்மை நடக்கவும் ஓடவும் செய்வது. நாம் குறைக்க விரும்புவது தசையை அன்று. தசைக்கும் தோலுக்கும் இடையே படிந்துள்ள கொழுப்பை. இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்குவதால், “தொடைக்குப் பயிற்சி கொடுத்தால் தொடைச் சதை கரையும்” என்று யாராவது சொன்னால் கேட்டவுடன் சரியாகவே படுகிறது. ஆனால் தண்டால் எடுப்பவன் புயம் திரளும் என்றல்லவா எடுக்கிறான்? அதே முறையில் பஸ்கி எடுத்தால் தொடை மட்டும் இளைக்கும் என்று எதிர்பார்ப்பது எந்தக் கணக்கில் சேர்த்தி?

கொழுப்புச் செல் ஒன்றை நுண்ணோக்கியில் பார்த்தால் முத்திரை மோதிரம் போல் தெரியும். நடுவில் ஒரு பெரிய கொழுப்புத் துளி. செல்லின் உட்கருவும் மற்றப் பொருள்களும் ஓரத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். அத்துளியில் உள்ளது டிரைகிளிசரைடு. கிளிசரால் மூலக்கூறு ஒன்றுடன் மூன்று கொழுப்பு அமிலங்கள் இணைந்த பொருள் அது. இதை அப்படியே தசை எரித்துவிட முடியாது. முதலில் உடைக்க வேண்டும். உடைந்த கொழுப்பு அமிலங்கள் இரத்தத்தில் சேர்ந்து, ஆல்புமின் என்னும் புரதத்தின் மேல் சவாரி செய்து, இதயத்துக்குச் சென்று, அங்கிருந்து உடல் முழுவதற்கும் அனுப்பப்பட வேண்டும். அதன் பிறகே வேலை செய்யும் தசைக்கு அதன் பங்கு கிடைக்கும்.

உடைக்கும்படி ஆணையிடுவது யார்? நாம் ஓடத் தொடங்கியதும் அட்ரினல் சுரப்பியிலிருந்து அட்ரினலின் இரத்தத்தில் கலக்கிறது. நரம்பு முனைகளும் அதன் உறவுப் பொருள் ஒன்றைச் சுரக்கின்றன. இன்சுலின் அளவு தாழ்கிறது. இந்தச் செய்தி ஓர் இடத்துக்கு மட்டும் எழுதிய கடிதம் அன்று. ஊருக்கெல்லாம் போட்ட தண்டோரா. வயிறு, முதுகு, கன்னம், தொடை எல்லா இடத்துக் கொழுப்பும் அதைக் கேட்கிறது. சமையலறைக் குழாயைத் திறந்தால், மொட்டை மாடித் தொட்டியில் சமையலறைக்கு நேர் மேலே உள்ள மூலையில் மட்டுமா நீர் இறங்குகிறது?

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். டென்னிஸ் ஆட்டக்காரர்களின் ஒரு கை ஆண்டுக்கணக்கில் மறு கையைவிடப் பன்மடங்கு வேலை செய்கிறது. 1971-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் அவர்களுடைய இரு கைகளையும் அளந்தனர். மட்டை பிடிக்கும் கை பருத்திருந்தது. ஆனால் தோலடிக் கொழுப்பின் தடிப்பில் இரு கைகளுக்கும் வேறுபாடு இல்லை. 1984-இல் வெளியான இன்னோர் ஆய்வில், 27 நாட்களில் மொத்தம் 5,004 முறை படுத்து எழும் வயிற்றுப் பயிற்சியை ஆண்கள் சிலர் செய்தனர். வயிறு, முதுகு, பிட்டம் ஆகிய மூன்று இடங்களிலும் கொழுப்புச் செல்களை எடுத்துப் பார்த்தபோது, வயிற்றில் தனிச் சலுகை எதுவும் தெரியவில்லை. நம் பொருளுக்கு மிக நெருங்கியது 2013-இல் வெளியான ஆய்வு. பதினொரு பேர் பன்னிரண்டு வாரம் ஒரு காலுக்கு மட்டும் பயிற்சி செய்தனர். ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ ஆயிரம் முறை. முடிவில் கொழுப்புக் குறைந்தது உண்மை. குறைந்த இடம்தான் வேடிக்கை: கைகளிலும் உடற்பகுதியிலும் குறைந்தது, உழைத்த காலில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை!

எதிர்த் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். சுருங்கும் தசைக்கு அருகிலுள்ள கொழுப்பில் இரத்த ஓட்டமும் கொழுப்பு உடைதலும் சற்றுக் கூடுவதாகக் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் 2007-இல் கண்டனர். அந்தக் கூடுதல் மில்லிகிராம் கணக்கில்தான் இருந்தது. வயிற்றுப் பயிற்சியால் அவ்விடத்துக் கொழுப்பு ஓரளவு கூடுதலாகக் குறைந்தது என்று 2023-இல் ஓர் ஆய்வு கூறியது. அதில் பங்கு கொண்டவர்கள் ஆண்கள், எண்ணிக்கையும் சிறிது. ஆகவே கதவை முழுவதும் சாத்திவிட வேண்டாம். ஆனால் இதை நம்பித் தொடைப் பட்டைகளும் அதிரும் கருவிகளும் வாங்குவது வீண் செலவு என்றே நான் கருதுகிறேன்.

இனி, தொடை ஏன் இத்தனை பிடிவாதம் காட்டுகிறது? அட்ரினலினின் ஆணையைப் பெறும் ஏற்பிகள் கொழுப்புச் செல்லின் மேற்பரப்பில் இருவகையாக உள்ளன. பீட்டா ஏற்பிகள் ‘உடை’ என்கின்றன. ஆல்பா-2 ஏற்பிகள் ‘பொறு’ என்கின்றன. வண்டியின் முடுக்கியும் தடையும் போல. பெண்களின் தொடை, பிட்டக் கொழுப்பில் தடையின் கை ஓங்கியிருக்கிறது. பருவமடையும்போது ஈஸ்ட்ரோஜன் இவ்விடங்களில் கொழுப்பைச் சேமிக்கத் தூண்டுகிறது. இது நோயும் அன்று, சோம்பலுக்குத் தண்டனையும் அன்று; பிள்ளைப்பேற்றுக்கும் பாலூட்டலுக்கும் உடல் போடும் வைப்பு நிதி. பாலூட்டும் காலத்தில் அதே தொடைக் கொழுப்பு முன்னைவிட எளிதாக உடைவதை 1985-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் காட்டினர். தவணை முடிந்ததும் வங்கி பணத்தைத் தருகிறது!

மேலும் ஒரு செய்தி. மார்செய் நகரத்துப் பிரெஞ்சு மருத்துவர் ழான் வாக் என்பவர் 1947-இலேயே, கொழுப்பு எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது முக்கியம் என்று எழுதினார். மேலுடலிலும் வயிற்றிலும் சேர்வது நீரிழிவுக்கும் இரத்தக்குழாய் நோய்க்கும் இட்டுச் செல்கிறது. இடுப்புக்குக் கீழே சேர்வது அப்படியன்று. பின்னர் வந்த ஆய்வுகள் இதை உறுதி செய்தன. தொடைக் கொழுப்பு, இரத்தத்தில் மிதக்கும் கொழுப்பைப் பிடித்துப் பத்திரமாக வைத்துக் கொள்கிறது; அந்த அளவுக்கு ஈரலும் தசையும் தப்புகின்றன. இந்தியர்களுக்கு வயிற்றுச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை என்பது மருத்துவர் வகுத்த எல்லை. அளவு நாடா கையில் இருந்தால் தொடையை விட்டு வயிற்றை அளந்து பாருங்கள்.

அப்படியானால் கொழுப்பு எப்படித்தான் போகிறது? ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மீர்மன், பிரவுன் என்ற இருவர் 2014-இல் ஓர் எளிய கணக்கைப் போட்டனர். 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாகவும் 1.6 கிலோ நீராகவும் வெளியேறும். ஆம், இளைப்பவர் தம் கொழுப்பில் பெரும்பகுதியை மூக்கின் வழியாக வெளியே விடுகிறார்! வியர்வையில் கொழுப்புக் கரைந்து வழிவதாக எண்ணி நெகிழித் துணியைத் தொடையில் சுற்றிக்கொண்டு ஓடுகிறவர்கள் இழப்பது தண்ணீரை. ஒரு செம்பு நீர் குடித்தால் அது திரும்பிவிடும்.

வேகம் என்ன? ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் ஏறக்குறைய 7,700 கலோரி ஆற்றல் அடங்கியுள்ளது (உணவியலார் கலோரி என்பது கிலோகலோரியைத்தான்). 60 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் சுறுசுறுப்பாக நடந்தால் செலவாவது சுமார் 200 கலோரி. ஒரு கிலோவுக்கு முப்பத்தைந்து மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். மறுபுறம், நாளைக்கு மூன்று வேளை காபியில் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை போடுபவர் அதை விட்டாலே நாளைக்கு 120 கலோரி மிச்சம். நடையும் தட்டும் சேர்ந்துதான் இந்த வேலையைச் செய்ய முடியும். அப்போதும் குறைவது செல்களின் பருமனே, எண்ணிக்கை அன்று. 1950-களிலும் 60-களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14-ஐ அடையாளமாகக் கொண்டு, வயது வந்தோரின் கொழுப்புச் செல்களில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு இறந்து, அதே அளவு புதிதாகப் பிறப்பதை 2008-இல் சுவீடனில் கணக்கிட்டனர். இளைத்தவர் மீண்டும் பருப்பது ஏன் எளிது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொடைப் பயிற்சி வீண் என்று நான் சொல்ல வரவில்லை. உடலின் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும்தான் உள்ளன. அவை உழைத்தால் இரத்தத்துச் சர்க்கரையை வாரிக்கொள்கின்றன, முழங்காலைத் தாங்குகின்றன, முதுமையில் விழாமல் காக்கின்றன. பஸ்கியோ, மாடிப்படி ஏறுதலோ, மிதிவண்டியோ எதுவானாலும் சரி. ஆனால் முதல் சில வாரங்களில் நாடாவைச் சுற்றினால் அளவு குறையாது. தசை சற்றுத் திரள்வதால் கூடினாலும் கூடும்.

இந்தக் கட்டத்தில்தான் உள்ளேயிருந்து ஒரு குரல் எழுகிறது. “உனக்கெல்லாம் இது நடக்காது. நிறுத்து.” பயிற்சியைப் பாதியில் விட்டவர்கள் பலரும் தசை ஓய்ந்து விட்டவர்கள் அல்லர், இந்தக் குரலுக்குத் தலையாட்டி விட்டவர்கள்.

அது எங்கிருந்து வருகிறது? ரஷ்ய உளவியலார் வைகாட்ஸ்கி, 1934-இல் வெளிவந்த தம் நூலில் ஒரு விளக்கம் தந்தார். சிறு குழந்தை விளையாடும்போது தனக்குத்தானே உரக்கப் பேசிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். “இதை இங்கே வை, அது விழும்” என்று அம்மா சொன்னதையே தனக்குச் சொல்லிக்கொள்ளும். வயது ஏற ஏற அந்தப் பேச்சு முணுமுணுப்பாகி, ஓசையிழந்து, உள்ளே போய்விடுகிறது. மௌனமாக எண்ணும்போதும் நாக்கு, உதட்டுத் தசைகளில் மெல்லிய மின் அலைகள் எழுவதை ஜேக்கப்சன் என்ற அமெரிக்கர் 1930-களில் பதிவு செய்தார். ஆக, உள்ளே பேசுவது ஏதோ அசரீரி அன்று. பிறர் நம்மிடம் பேசியதன் எச்சம் அதில் நிறைய உண்டு. கல்யாண வீட்டில் ஒரு அத்தை “என்னடி, இப்படிப் பெருத்துட்டே?” என்று கேட்டது, பத்து ஆண்டு கழித்தும் கண்ணாடி முன் நிற்கும்போது உங்கள் சொந்தக் கருத்து போலவே ஒலிக்கும்.

இந்தக் குரல் சொல்வதில் இருவகை உண்டு. ஒன்று உடலின் அறிக்கை, மற்றொன்று தீர்ப்பு. ‘வலது முழங்காலின் உட்புறம் குத்துகிறது’ என்பது அறிக்கை. ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்பது தீர்ப்பு. அறிக்கையை மதிக்க வேண்டும். பயிற்சியின்போது மார்பில் இறுக்கம், தலைசுற்றல், மூட்டில் கூர்மையான வலி வந்தால் உடனே நிறுத்துங்கள். அங்கே மன உறுதியைக் காட்ட வேண்டியதில்லை. தொடை முழுவதும் பரவலாக எரிவது வேறு; நின்றால் சில நிமிடங்களில் அடங்கும். மறுநாளும் அதற்கு மறுநாளும் படியிறங்க முடியாமல் வலிப்பது இன்னும் வேறு. பழகாத வேலையால் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சிதைவே அதற்குக் காரணம். பலர் கூறுவது போல லாக்டிக் அமிலம் தேங்குவதன்று. அது ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அகன்றுவிடும்.

‘இனி முடியாது’ என்பது எந்த வகை? சங்கடமான கேள்வி, ஏனெனில் அது அறிக்கையின் உடையில் வரும் தீர்ப்பாகவும் இருக்கலாம். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் 24 பேரை நிலையான மிதிவண்டியில் களைத்து நிற்கும்வரை மிதிக்க வைத்தனர். பின் ஒரு பிரிவினர் மட்டும், தமக்குத் தாமே ஊக்கமாகப் பேசிக்கொள்ள இரண்டு வாரம் பழகினர். அவர்கள் மிதித்த நேரம் சராசரியாக 637 வினாடியிலிருந்து 751 வினாடிக்கு உயர்ந்தது. மற்றவர்களிடம் அவ்வாறு உயரவில்லை. கால்கள் அதே கால்கள். முன்பு ‘முடியாது’ என்ற இடத்துக்கு அப்பாலும் ஏறக்குறைய இரண்டு நிமிடம் மிச்சமிருந்திருக்கிறது.

தீர்ப்புகளை எப்படி நிறுப்பது? 1960-களில் பிலடெல்பியா நகர மனநல மருத்துவர் ஆரன் பெக், மனச்சோர்வுற்றவர்களிடம் தாமாகவே ஓடிவரும் எண்ணங்களைக் கவனித்தார். நோயாளிகள் அவற்றை எண்ணமாகக் கொள்ளாமல் நடந்த உண்மையாகவே கொண்டனர். அவர் கற்றுத்தந்த வழி, அந்த எண்ணத்தை எழுதி, அதற்குச் சான்று கேட்பது. நீங்களும் செய்து பாருங்கள். ‘ஒரு பயனும் இல்லை’ என்கிறதா குரல்? எதை அளந்து சொல்கிறது என்று கேளுங்கள். நாடாவை மட்டும் என்றால் அது அரைச் சான்று. முதல் வாரம் எத்தனை பஸ்கி, இப்போது எத்தனை, மூன்றாம் மாடி ஏறியதும் மூச்சு எவ்வளவு நேரம் வாங்கியது, இப்போது எவ்வளவு என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தால் எதிர்ச்சான்று கையில் இருக்கும். ‘என் தொடை அசிங்கம்’ என்பதற்கோ எந்த அளவுகோலும் கிடையாது.

இன்னொரு சிறு உத்தி. ‘நான்’ என்று எண்ணாமல் தம் பெயரைச் சொல்லியோ ‘நீ’ என்றோ தமக்குள் பேசியவர்கள், பதற்றமான நேரங்களில் நிதானமாக நடந்துகொண்டதை மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2014-இல் காட்டினர். நமக்கு இது புதிதன்று. நெஞ்சை எதிரே நிறுத்தி விளித்துப் பேசுவது அகப்பாட்டு மரபு. திருக்குறளில் ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது.

மாணவியருக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் ஒரு சொல். பருவ வயதில் தொடை பருப்பதைக் கண்டு சிலர் சோற்றைக் குறைத்து, பிறகு காலை உணவை விட்டு, பிறகு சாப்பிட்டதாகப் பொய் சொல்லும் நிலைக்கும் போகிறார்கள். உடல் மெலிய மெலிய அந்தக் குரல் அடங்குவதில்லை. எலும்பு தெரியும் நிலையிலும் ‘இன்னும் பருமன்’ என்றே சொல்லும். இது பசியற்ற உளநோய். சில வேளை உயிரையும் கொண்டுபோவது. உணவு போதாத உடல் ஈஸ்ட்ரோஜன் சுரப்பை அடக்கிக்கொள்ளும், மாதவிலக்கு நின்றுபோகும், எலும்பு வலுப்பெற வேண்டிய ஆண்டுகளில் வலுவிழக்கும். சரியாக வந்துகொண்டிருந்த மாதவிலக்கு மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள். அவர் கேட்கும்போது, என்ன சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு ஓடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். தொடையைத் தொட்டாலே வலிக்கிறது, எளிதில் கன்றிப் போகிறது, மேலுடல் இளைத்தாலும் கால் மட்டும் இளைப்பதில்லை என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். லிப்பிடீமா என்று 1940-இல் பெயரிடப்பட்ட ஒரு நோய் அப்படித்தான் தோன்றும். அதற்கு மருத்துவம் வேறு.