மணல்வெளியில் கற்கருவி தேடுதல்

சகாராவில் பழங்காலக் கற்கருவியைத் தேடுகிறவர்கள் முதலில் தேடுவது பழைய தண்ணீரை. இன்று வறண்டு கிடக்கும் அந்த நிலம் பலமுறை பசுமையாக இருந்திருக்கிறது. கடைசிப் பசுமைக்காலம் ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 5,000 ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. வற்றிய ஏரிப் படுகை, தூர்ந்த ஊற்று, காட்டாற்றின் பழைய கரை ஆகியவற்றை ஒட்டியே மனிதர் தங்கினர். 1981இல் கொலம்பியா விண்ணோடத்தில் சென்ற ராடார், எகிப்து–சூடான் எல்லையில் காய்ந்த மணலை ஊடுருவி, அடியில் புதைந்த ஆற்றுத் தடங்களைப் படமெடுத்தது. பின்னர் அங்கே தோண்டியபோது அஷூலியம் என்னும் பழைய கற்கால மரபைச் சேர்ந்த கைக்கோடரிகள் கிடைத்தன.

பல இடங்களில் தோண்ட வேண்டிய தேவைகூட இல்லை. காற்று மணலையும் புழுதியையும் வாரிக்கொண்டு போக, கனமான கற்கள் தரையிலேயே தங்கிவிடுகின்றன. லிபியாவின் தென்மேற்கிலுள்ள மெசாக் செட்டாஃபெட் மேட்டுநிலத்தில் சதுர மீட்டருக்குச் சராசரியாக 75 கற்கருவிகளும் செதில்களும் கிடப்பதாக 2015இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

ஆனால் கூரான கல்லெல்லாம் கருவி ஆகாது. பகல் வெயிலும் இரவுக் குளிரும் கல்லை வெடிக்க வைக்கும். பறக்கும் மணல் அதைத் தேய்த்துப் பட்டை தீட்டும். மனிதக் கை செய்ததைப் பிரித்தறிய உடைந்த முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கல்லை இன்னொரு கல்லால் ஓங்கி அடித்தால், பெயர்ந்து விழும் செதிலில் அடிபட்ட இடத்துக்குக் கீழே சிறு புடைப்பு தோன்றும். அங்கிருந்து குளத்து அலைபோல வளைகோடுகள் விரியும். மூலக்கல்லில் அதற்கு ஈடான பள்ளம் விழும். வெப்பத்தால் தானாக வெடித்த கல்லில் இந்தப் புடைப்பு இராது. ஒரே ஒரு செதிலை வைத்து மட்டும் முடிவு கட்டுவது சரியல்ல, ஏனெனில் வெள்ளத்தில் உருண்டு மோதும் கற்களிலும் எப்போதாவது இப்படி நேரும். திட்டமிட்ட வரிசையில் செதில்கள் எடுக்கப்பட்டிருப்பதும், விளிம்பு நெடுகச் சிறுசிறு தட்டல்கள் இருப்பதுமே வலுவான சான்று. வட ஆப்பிரிக்காவின் அட்டேரியம் என்னும் கற்கால மரபின் கருவிகளில் சிலவற்றைப் பார்த்த உடனே அடையாளம் காணலாம்: பிடியில் செருகுவதற்கென்றே அடிப்பகுதி குறுகலாகச் செதுக்கப்பட்டிருக்கும்.

வயதைச் சொல்வதுதான் மிகக் கடினம். நெடுங்காலம் வெயிலில் கிடந்த கல்லின் மேல் இரும்பும் மாங்கனீசும் கலந்த கருமையான மெருகு படியும். அது எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் படிவதில்லை. எனவே கருமையை வைத்து ஆண்டு கணக்கிட முடியாது. ஒரே கருவியில் செதில் பெயர்ந்த வடுக்களில் கருத்ததும் வெளிறியதும் சேர்ந்திருந்தால், பழைய கருவியைப் பிற்காலத்தவர் ஒருவர் எடுத்து மறுபடி தட்டியிருக்கிறார் என்று அறியலாம். காற்று மணலை அகற்றும்போது பல காலங்களின் கருவிகள் ஒரே தரையில் இறங்கிக் கலந்துவிடுகின்றன. மண்ணடுக்குக்குள் புதைந்தே இருப்பவற்றுக்கு மட்டும் வழியுண்டு. சுற்றியுள்ள மணல் கடைசியாக எப்போது வெயில் கண்டது என்பதை ஒளியுமிழ்வு முறையில் அளக்கலாம்.

கலந்து கிடக்கும் தரையிலும் கிடைக்கும் இடம் நிறையச் சொல்லும். அருகருகே கிடக்கும் செதில்களைப் பொருத்திப் பார்த்து, அவை ஒரே கல்லாக மீண்டும் சேர்ந்தால், ஒருவர் அங்கே அமர்ந்து எந்த வரிசையில் தட்டினார் என்பதே புலப்படும். நடுவில் ஒரு செதிலை யாராவது நினைவுப்பொருளாக எடுத்துச் சென்றால் அந்தத் தொடர் அறுந்துபோகும். அதனால்தான் ஆய்வாளர்கள் கல்லை அசைப்பதற்கு முன் படமெடுத்து, அமைவிடத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். எகிப்தில் 1983ஆம் ஆண்டின் 117ஆம் எண் சட்டம் தொல்பொருள்களைப் பொதுச்சொத்தாக அறிவித்து, அவற்றை நாட்டை விட்டுக் கொண்டுபோவதைத் தடுக்கிறது.