மேகத்தில் வாடகைக்கு இடம்

2019 ஜூலை 10, மான்செஸ்டர். உலகக் கோப்பை அரையிறுதியில் நியூசிலாந்திடம் இந்தியா திணறிக்கொண்டிருந்தது. தோனி இன்னும் களத்தில் இருக்கிறார் என்ற ஒரே நம்பிக்கையில் ஹாட்ஸ்டாரில் ஒரே சமயத்தில் 2.53 கோடிப் பேர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 49ஆவது ஓவரில் மார்ட்டின் கப்டில் எறிந்த பந்து நேராக ஸ்டம்பில் பட்டது. தோனி ரன் அவுட். நாடே தலையில் கைவைத்துக்கொண்ட அந்த நிமிடத்தில் ஹாட்ஸ்டாரின் பொறியாளர்களுக்குக் கவலை வேறு.

கூட்டம் கலைந்தால் சர்வருக்கு ஓய்வுதானே என்று தோன்றும். ஆனால் ஆட்டம் கைவிட்டுப் போனதும் யாரும் உடனே போனைக் கீழே வைப்பதில்லை. ‘பேக்’ பட்டனை அழுத்துகிறார்கள். முகப்புப் பக்கம் திறக்கிறது. நேரலை பார்ப்பவர்களுக்கு அனுப்பவேண்டியது எல்லோருக்கும் பொதுவான வீடியோத் துண்டுகள். முகப்புப் பக்கமோ, இவர் யார், சந்தா கட்டியவரா, எந்தத் தொடரைப் பாதியில் விட்டார், எதைப் பரிந்துரைக்கலாம் என்று ஆளுக்கு ஆள் விசாரித்துத் தயாரிக்கவேண்டியது. அதுவரை சும்மா கிடந்த அந்தப் பிரிவின்மேல் இப்போது லட்சக்கணக்கானோர் ஒரே மூச்சில் வந்து விழுவார்கள்.

கூட்டம் வந்தபிறகு சர்வர்களைக் கூட்டிக்கொள்ளும் வழக்கமான தானியங்கி முறை இதற்குச் சரிப்படாது. புது சர்வர் எழுந்து வேலைக்குத் தயாராக ஓரிரு நிமிடமாவது ஆகும். கிரிக்கெட்டில் ஒரே நிமிடத்தில் பத்து லட்சம் பேர் கூடிவிடுவார்கள். அதனால் ஆட்டத்தின் போக்கைப் பார்த்து முன்கூட்டியே சர்வர்களை எழுப்பி வைத்திருந்தார்கள். நிலைமை மோசமானால் பரிந்துரை போன்ற அலங்காரங்களை அணைத்துவிட்டு வீடியோவை மட்டும் காப்பாற்றுவது என்று திட்டமும் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் தேவைக்கு மேற்பட்டதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அமேசானிடம் எடுத்த வாடகை இயந்திரங்கள் அவை. 2023 நவம்பரில் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதிப்போட்டியின்போது இதே ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் இருந்தார்கள். அந்தச் சில மணி நேரத்துக்காக அத்தனை இயந்திரங்களைச் சொந்தமாக வாங்கிப் போட்டால் எந்தக் கம்பெனியும் தாங்காது.

கிளவுட் என்பதன் மொத்த நியாயமும் இதில் இருக்கிறது. பெயர்தான் மேகம், பொருள் முழுக்கத் தரையில் கிடக்கிறது. பெரிய பெரிய கட்டடங்கள், அடுக்கடுக்காக சர்வர்கள், அவற்றைக் குளிர்விக்கும் ஏற்பாடு, கரண்ட் போனால் ஓட டீசல் ஜெனரேட்டர்கள். ஒவ்வொரு சர்வரையும் மென்பொருள் பல கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனிக் கணினி போல நடிக்க வைக்கிறது. அதில் ஒரு கூறைத்தான் நாம் எடுக்கிறோம். பக்கத்துக் கூறில் யார் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. அமேசான் 2006இல் இந்த வியாபாரத்தைத் தொடங்கியபோது ஒரு கணினிக்கு மணிக்குப் பத்து சென்ட் வாங்கியது. இந்தியாவில் மைக்ரோசாஃப்ட் 2015இல் புனே, சென்னை, மும்பை மூன்றிலும் டேட்டா சென்டர்களைத் திறந்தது. அடுத்த ஆண்டு அமேசான் மும்பைக்கு வந்தது.

முதலாளிகளிடம் இதை விற்க வருகிறவர்கள் பெரும்பாலும் ‘செலவு குறையும்’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். அங்கேயே கொஞ்சம் நிறுத்திக் கேட்கவேண்டும்: எந்த வேலைக்குக் குறையும்? வீட்டுக் கல்யாணத்துக்காக யாரும் மண்டபம் கட்டுவதில்லை. அதேபோல் தினமும் மூன்று வேளை சமைத்துச் சாப்பிட யாரும் மண்டபத்தை வாடகைக்கு எடுப்பதுமில்லை. கணினி வேலைகளிலும் இந்த இரண்டு ரகமும் உண்டு. தீபாவளி விற்பனை, தேர்வு முடிவு வெளியாகும் காலை, பத்திரிகையில் பெயர் வந்ததும் திடீரென்று வரும் கூட்டம் எல்லாம் ஏறி இறங்கும் வேலைகள். புதிதாகத் தொடங்கி, நாளைக்கு எவ்வளவு பேர் வருவார்கள் என்றே தெரியாத வியாபாரமும் இதில் சேரும். இவற்றுக்கு வாடகையே லாபம். ஆண்டு முழுவதும் ஒரே சீராக ஓடும் பெரிய வேலைக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருந்தால், நாலைந்து வருடத்தில் சொந்த இயந்திரத்தின் விலையைத் தாண்டிக் கொட்டியிருப்போம்.

டிராப்பாக்ஸ் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த கம்பெனி. ஊரார் கோப்புகளைச் சேமித்து வைப்பதுதான் அதன் தொழில். அது ஒரு நாளும் குறையாத சுமை. அமேசானிடம் வைத்திருந்த கோப்புகளில் பெரும்பகுதியைச் சொந்த டேட்டா சென்டர்களுக்கு மாற்றியது. அதனால் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 7.5 கோடி டாலர் மிச்சமானது என்று 2018இல் பங்குச்சந்தைக்கு வந்தபோது ஆவணத்தில் எழுதிக் கொடுத்தது. அமெரிக்காவின் 37சிக்னல்ஸ் என்ற மென்பொருள் கம்பெனி, 2022இல் மட்டும் 32 லட்சம் டாலர் கிளவுட் பில் கட்டியது. அந்த ஆண்டிலேயே வெளியேறப்போவதாக அறிவித்து, பிறகு சொந்த சர்வர்கள் வாங்கியது. நம் ஊர் ஜோஹோ இன்னும் சுவாரசியம். உலகத்துக்கெல்லாம் மென்பொருளைக் கிளவுடில் விற்கிற கம்பெனி, அந்த மென்பொருளை ஓட்டுவது சொந்த டேட்டா சென்டர்களில்தான்.

நெட்ஃபிளிக்ஸ்தான் அமேசான் கிளவுடுக்குப் போய்க் கொடிகட்டிப் பறந்த கம்பெனி என்று எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். காட்டட்டும், ஆனால் இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். 2008 ஆகஸ்டில் அதன் தரவுத்தளம் சிதைந்து மூன்று நாட்கள் ஒரு டிவிடி கூட அனுப்ப முடியாமல் போனபோதுதான் இந்த இடமாற்றம் முடிவானது. அது முடிந்தது 2016 ஜனவரியில்! ஏழு வருடம். இருந்ததை அப்படியே தூக்கி வாடகை சர்வரில் வைக்காமல், ஏறக்குறைய எல்லாவற்றையும் புதிதாக எழுதினார்கள். பழைய மென்பொருளை மாற்றாமல் தூக்கிவைத்தால் பழைய கோளாறுகளும் கூடவே வரும், இந்த முறை மாத பில்லோடு. விட்டுப்போகும் இன்னொரு விஷயம், நாம் பார்க்கும் படம் அமேசானிலிருந்து வருவதில்லை. யார் பார்க்கிறார், அடுத்து எதைக் காட்டலாம் என்பதையெல்லாம் அங்கே கணக்கிடுகிறார்கள். கனமான வீடியோவை மட்டும், இணையச் சேவை நிறுவனங்களுக்குள்ளேயே நெட்ஃபிளிக்ஸ் கொண்டுபோய் வைத்திருக்கும் சொந்தப் பெட்டிகளிலிருந்து அனுப்புகிறார்கள்.

ஐம்பது பேர் வேலை செய்யும் கம்பெனிக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. அலுவலக மூலையில் தூசி படிந்த சர்வர், பேட்டரி செத்த யூபிஎஸ், அதைத் தெரிந்த ஒரே ஆள் லீவு என்ற நிலையில் இருப்பவர்கள் மின்னஞ்சலையும் கணக்கையும் மாதச் சந்தாவுக்கு மாற்றிவிடுவதே நல்லது. டேட்டா சென்டர் நடத்துவது அவர்கள் தொழில் அல்ல.

பில் பற்றி ஒரு வார்த்தை. மென்பொருள் குழு சோதனைக்கென்று சில சர்வர்களை எடுத்து வைத்திருக்கும். வாரத்துக்கு 168 மணி நேரம். குழு ஆறு நாள், நாளைக்குப் பத்து மணி நேரம் உழைத்தாலும் 60தான் ஆகிறது. மீதி 108 மணி நேரமும் யாரும் தொடாத இயந்திரத்துக்கு மீட்டர் ஓடுகிறது. இரவில் தானாக அணையும்படி ஒரு சின்ன நிரல் எழுதினால் அந்த வாடகையில் பாதிக்கு மேல் மிச்சம். அணைத்தபிறகும் அதன் டிஸ்க்குக்குத் தனி வாடகை ஓடும் என்பது பலருக்குப் பில் வந்தபிறகுதான் தெரியும். ஒன்றோ மூன்றோ ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டால் பெரிய தள்ளுபடி உண்டு. ஆனால் முதல் மாதமே கையெழுத்துப் போடுவது தப்பு. நம் பயன்பாடு எப்படி ஏறி இறங்குகிறது என்று சில மாதம் பார்த்துவிட்டு, எப்போதும் அணையாத பகுதிக்கு மட்டும் போடலாம்.

பாதுகாப்பில் வரும் ஏமாற்றம் இன்னும் பெரிது. ‘கிளவுடுக்குப் போய்விட்டோம், இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்ற நினைப்பே ஆபத்து. கட்டடமும் இயந்திரமும் அவர்கள் பொறுப்பு. எந்தக் கதவைத் திறந்து வைத்தோம், யாருக்குச் சாவி கொடுத்தோம் என்பது நம் பொறுப்பு. 2019இல் அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கியில், கிளவுடில் தவறாக அமைத்த ஒரு ஃபயர்வால் வழியாகப் பத்துக் கோடி அமெரிக்கர்கள், 60 லட்சம் கனடியர்களின் விவரம் வெளியே போனது. வங்கிக்குத்தான் எட்டுக் கோடி டாலர் அபராதம் விழுந்தது.

அவர்கள் பக்கத்திலும் தவறு நடக்கும். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியம் கூகுள் கிளவுடில் வைத்திருந்த கணினி அமைப்பு ஒன்று அடியோடு அழிந்தது. ஹேக்கர்கள் யாரும் வரவில்லை. முதலில் அமைத்துக் கொடுத்தபோது கூகுள் ஊழியர்கள் உள் கருவி ஒன்றில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டிருந்தார்கள். காலியாக இருந்ததால் கருவி தானாகவே ஓராண்டு ஆயுள் என்று எடுத்துக்கொண்டது. ஆண்டு முடிந்ததும் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் அழித்துவிட்டது. இரண்டு இடங்களில் நகல் வைத்திருந்தார்கள், இரண்டிலும் போனது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஏறத்தாழ ஒரு வாரம் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. மீண்டு வந்ததற்கு ஒரு காரணம், வேறொரு நிறுவனத்திடமும் காப்புப் பிரதி வைத்திருந்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது சில வாடிக்கையாளர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவர்களுடைய காப்புப் பிரதியும் எரிந்த கட்டடத்திலேயே இருந்தது.

உடனே சிலர், எல்லாவற்றையும் இரண்டு கிளவுடில் ஓட்டுவோம் என்பார்கள். பெரிய வங்கிக்குச் சரி. நடுத்தரக் கம்பெனிக்கு அது இரட்டைச் செலவு, இரட்டைத் தலைவலி. இரண்டையும் நன்றாகத் தெரிந்த ஆட்கள் கிடைப்பதும் அரிது. தரவின் நகல் ஒன்றை மட்டும் வேறு நிறுவனத்திடம், வேறு கடவுச்சொல்லில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து காலி சர்வர் ஒன்றில் எல்லாவற்றையும் மீட்டெடுத்துப் பார்த்தால் போதும் என்பது என் கட்சி. பணப் பரிவர்த்தனை சம்பந்தப்பட்ட வியாபாரமாக இருந்தால் நகல் எந்த நாட்டில் இருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும்: பரிவர்த்தனைத் தரவு இந்தியாவுக்குள்தான் இருக்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018இலேயே உத்தரவிட்டிருக்கிறது.

வெளியேறுவது பற்றி ஒப்பந்தம் போடும்போதே பேசிவிடவேண்டும். தரவை உள்ளே கொண்டுபோகக் காசில்லை. வெளியே எடுக்க ஜிபி கணக்கில் கட்டணம். 2024இல் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றும் அடுத்தடுத்து, மொத்தமாகக் கிளம்புகிறவர்களுக்கு இந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தன. அது நல்ல செய்திதான், ஆனாலும் ஆட்களைக் கட்டிப்போடுவது அந்தக் கட்டணம் அல்ல. போஸ்ட்கிரெஸ் போன்ற பொதுவான தரவுத்தளத்தில் இருப்பதைப் பெரிய சிரமமில்லாமல் இடம் மாற்றலாம். ஒரு நிறுவனத்திடம் மட்டுமே கிடைக்கும் தரவுத்தளத்தில் ஐந்து வருடம் எழுதிக் குவித்த நிரலை மாற்றி எழுத மாதங்கள் பிடிக்கும். அதற்குள் அதை எழுதிய ஆள் பெங்களூரில் வேறு கம்பெனியில் சேர்ந்திருப்பார்.