ஏலமலையில் குடியிருப்புப் பழுதும் முறையீட்டு வழிகளும்

குடியிருப்புப் பழுது என்பது கூரை ஒழுகுதல், சுவர் விரிசல், கழிப்பறைச் சிதைவு, மின்கம்பிக் கோளாறு போன்று, குடியிருப்போரின் உடல்நலத்துக்கோ உயிருக்கோ ஊறு விளைவிக்கக்கூடிய குறைகளைக் குறிக்கும். தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரிலும் அதனையடுத்த ஏலமலைச் சரிவுகளிலும் இக்குறைகளுக்கான முறையீட்டு வழி ஒன்றன்று. வீடு எந்த மாநிலத்தில் உள்ளது, அது வாடகைக்குப் பெற்றதா அல்லது வேலையுடன் அளிக்கப்பட்டதா என்னும் இரண்டையும் பொறுத்தே அவ்வழி அமைகிறது.

புவியியல் பின்னணி

போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்துக்குப் பெயர் பெற்ற நகரம் ஆகும். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இங்கும் இடுக்கி மாவட்டத்தின் புற்றடியிலும் நடைபெறுகிறது. குரங்கணி, கொட்டகுடி ஆகிய மலையூர்கள் தமிழ்நாட்டில் உள்ளன. போடிமெட்டைக் கடந்தால் வரும் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை ஆகியன கேரளத்தைச் சேர்ந்தவை. தொழிலாளருள் பலர் தமிழராயினும், கேரளத்திலுள்ள வீட்டின் பழுது குறித்துத் தேனி மாவட்டத் தொழிலாளர் அலுவலகம் நடவடிக்கை எடுக்க இயலாது.

நகர வாடகை வீடுகள்

தமிழ்நாட்டில் நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பெப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. கட்டட அமைப்புச் சார்ந்த பழுதுகளைச் சரிசெய்வது உரிமையாளரின் பொறுப்பாகும். அவர் மறுத்தால், வாடகைதாரர் தாமே பழுதுபார்த்து, அச்செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஒரு மாதத்தில் கழிக்கும் தொகை வாடகையில் பாதியை மிஞ்சக்கூடாது. பிணக்குகளுக்கு வாடகை அதிகாரியை அணுகலாம். ஆனால், நிறுவனம் தன் ஊழியருக்குப் பணி ஒப்பந்தத்தின் பகுதியாக வழங்கிய வீட்டுக்கு இச்சட்டம் பொருந்தாது.

தோட்ட லயங்கள்

ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த தோட்டத் தொழிலாளர் வீடுகள் லயம் எனப்படும். இலங்கை மலையகத்தில் இவை லயன் என வழங்கப்படுகின்றன. லயத்தில் வசிப்பவர் வாடகைதாரர் அல்லர். அவரது வீட்டுரிமை வேலையைச் சார்ந்தது. எனவே அவருக்குரிய பாதுகாப்பு தொழிலாளர் சட்டத்திலேயே உள்ளது. வேலை போனால் வீடும் போகும் என்னும் அச்சத்தால் பலர் முறையிடத் தயங்குகின்றனர்.

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளருக்கு வீடு அமைத்துப் பேணும் கடமையை உரிமையாளர் மீது சுமத்தியது. 2025 நவம்பர் 21 முதல் இதன் இடத்தில், 2020ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. இதன்படி குடிநீர், சமையலறை, கழிப்பறை ஆகியவற்றுடன் கூடிய வீட்டு வசதி அளிக்கப்பட வேண்டும். ஐந்து எக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட ஏலத்தோட்டங்களே இதில் அடங்கும். ஏலமலையின் சிறு தோட்டங்களில் தங்கியிருப்போர் இக்காப்புக்கு வெளியே நிற்கின்றனர்.

வீடு இடிந்தால் இழப்பீடு

உரிமையாளர் அளித்த வீடு இடிந்து தொழிலாளியோ அவர் குடும்பத்தினரோ இறந்தால் அல்லது காயமுற்றால், உரிமையாளர் இழப்பீடு வழங்க வேண்டும் என்பது முன்னர் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் இருந்தது. இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் உள்ளது. வீடு இடிந்தமைக்குக் குடியிருப்பவரின் தவறோ இயற்கைப் பேரிடரோ மட்டுமே நேரடிக் காரணமாயின் இப்பொறுப்பு எழாது.

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் நிலச்சரிவு லயங்களைப் புதைத்தது. கண்டெடுக்கப்படாத நால்வர் உட்பட எழுபது பேர் உயிரிழந்தனர். பலர் தூத்துக்குடி மாவட்டத்தின் கயத்தாறுப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். மலைச்சரிவில் லயம் அமைந்துள்ள இடமும் கட்டடத்தைப் போலவே உயிர்ப்பாதுகாப்புக்கு இன்றியமையாதது என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

முறையீட்டு வழிகள்

* லயத்தின் பழுதைத் தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து நகல் வைத்துக்கொள்ளலாம். தொழிற்சங்கம் வழியாகவும் இதனைச் செய்யலாம்.
* தீர்வு இல்லையெனில், தோட்டம் அமைந்துள்ள மாநிலத்தின் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் முறையிடலாம்.
* 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழில்துறைத் தொழிலாளர் ஆகியோர் இலவசச் சட்ட உதவி பெறலாம். இதற்கான தொலைபேசி எண் 15100 ஆகும்.