கொடிமரம் கண்ட குன்று

நியூசிலாந்தின் வடபகுதியில், தீவுகள் விரிகுடாவின் கரையிலுள்ள பைஹியாவில் படகேறினோம். கால்மணி நேரத்தில் எதிர்க்கரை வந்துவிட்டது. அதுவே ரஸ்ஸல், மாவோரி மக்கள் வழங்கும் பெயர் கொரோராரேகா. கடலோரம் மரநிழலும் வெண்ணிற வீடுகளுமாய் அமைதியே உருவாக இருக்கும் இவ்வூர்தான், திமிங்கில வேட்டைக் கப்பல்களின் மாலுமிகள் குடித்துக் கூத்தாடியமையால் ‘பசிபிக்கின் நரகம்’ என்று ஒருகாலத்தில் தூற்றப்பட்டது என்றால் நம்பத் தோன்றவில்லை.

முதலில் கிறிஸ்து ஆலயத்துக்குச் சென்றோம். 1836-இல் கட்டி முடித்த மரக்கோயில். அந்நாட்டில் எஞ்சியுள்ள தேவாலயங்களுள் மிகப் பழையது. அதன் சுவரில் துப்பாக்கிக் குண்டு துளைத்த வடுக்கள் இன்றும் உள. 1845 மார்ச் 11-ஆம் நாள் நடந்த போரின் அடையாளம் அது. அன்று ஊரின் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று; ஆலயம் தப்பியது.

போருக்குக் காரணமான கொடிமரம் நின்ற குன்றின்மீது ஏறினோம். ஆங்கிலேயர் நட்ட மரத்தை ஹோனே ஹெக்கேயும் அவர் ஆட்களும் 1844, 1845 ஆண்டுகளில் நான்கு முறை வெட்டி வீழ்த்தினர். வியப்பு யாதெனில், எதிரே தெரியும் வைத்தாங்கியில் 1840 பிப்ரவரி 6 அன்று உடன்படிக்கையில் முதற்கையொப்பமிட்ட மாவோரித் தலைவரும் இவரே! தலைநகர் ஆக்லாந்துக்குப் போனதால் வாணிபம் குன்றியது ஒரு குறை. பெருங்குறை சொல்லில் இருந்தது. ஆங்கிலப் படி ‘இறையாண்மை’யை அரசிக்கு அளித்தது, மாவோரிப் படியோ ‘ஆளுகை’ என்ற அளவில் நின்று, நிலத்தின்மேல் தலைவர்களுக்குள்ள தலைமையை அவர்களிடமே விட்டது. இரு மொழிகளுக்கிடையே நாள்தோறும் வாழும் நம் குடும்பங்களுக்கு இந்த இடர் புதிதன்று.

தலைவர்களுக்குப் பொருள் விளங்கிற்றா என்று அன்றே எழுந்து கேட்டவர், பைஹியாவில் அச்சுக்கூடம் நடத்திய வில்லியம் கொலென்சோ. இவரை நமக்கு வேறொரு வகையிலும் தெரியும். 1836-ஐ ஒட்டி, மாவோரிப் பெண்கள் சமையற்கலமாக வைத்திருந்த வெண்கலத் துண்டொன்றை இவர் கண்டார். அது தமிழெழுத்துப் பொறித்த கப்பல் மணி! முகைதீன் பக்ஸ் என்பவரின் கப்பலுக்குரியது என்கிறது அவ்வெழுத்து. வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கு எவ்வாறு சென்றதென எவரும் அறியார்.

கொடிமரத்துக்கு மீள்வோம். வெட்டுண்ட மரத்துக்கு ஈடாக 1858-இல் குன்றின்மேல் புதுமரம் நட முன்வந்தவர், ஹெக்கேயுடன் தோள்சேர்ந்து போரிட்ட கவித்தி என்ற தலைவரின் மகன். ஹெக்கேயை எதிர்த்து நின்ற தமாத்தி வாக்கா நேனே, கீழே அந்தக் குண்டடிபட்ட கோயிலின் முற்றத்தில் துயில்கிறார். இறங்கும் வழியில் மறுபடியும் அவர் கல்லறையருகே சற்று நின்றுவிட்டுப் படகுத்துறைக்கு வந்தோம்.